காலிப் பெட்டியின் எடை

பத்துக்கு எத்தனை, ஸ்டெய்ன்வோர்?
என்கிறாள் நர்ஸ் போஷெனா.
படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்,
ஓர் எண் உட்கார மட்டும் இடம்.

முப்பத்தொரு வருடம்
ஈசாஃபியோர்துர் துறைமுகத்தில்
மீனுக்கு எடை போட்டவள் நான்.
பனிக்கட்டியோடு வந்தால் பனிக்கட்டியைக் கழித்து,
பெட்டியோடு வந்தால் பெட்டியைக் கழித்து.
எண்ணோடு எனக்குப் பகையில்லை.
அரைக் கிலோ பிசகினால்
படகுக்காரன் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுவான்.

அதனால்தான் திணறுகிறேன்.

முதலில் காலிப் பெட்டியைத் தட்டில் வைக்க வேண்டும்.
முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும்.
பிறகுதான் மீன்.
இடுப்பில் தொடங்கி இடது குதிகால்வரை இறங்கும் இதிலிருந்து
நான் எதைக் கழிக்க?
பதினோரு வருடமாகத் தட்டு காலியாகவே இல்லை.
வலியில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையைக் கொண்டுவாருங்கள்,
ஒரு நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டுத்
திருப்பித் தந்துவிடுகிறேன்.

ஆரம்பத்தில் நேர்மையாகத்தான் சொன்னேன்.
ஐந்து என்றேன்.
இரண்டு மாத்திரை தந்து நடக்கச் சொன்னார்கள்.
இன்னொரு நாள் ஒன்பது என்றேன்.
டாக்டர் என் முகத்தைப் பார்த்தார்.
அத்தனை வலிக்கிறவள்
உதட்டுச்சாயம் பூசியிருக்கக் கூடாதாம்.
அவர் சொல்லவில்லை, புருவம் சொன்னது.
எட்டு என்றால் ரெய்க்யவிக்குக்கு விமானம்.
காற்றடித்தால் விமானம் இறங்காது,
இந்த மலையிடுக்கில் காற்றடிக்காத நாள் எது?
ஆக, ஏழு.
ஏழு என் வலியின் பெயரில்லை,
ஊசி மருந்தின் விலை.

காலை பத்து மணிக்கு இவள் கேட்பது
இரவு மூன்று மணிக்குச் சமையலறைத் தரையில்
என்னோடு படுத்துக் கிடந்ததைப் பற்றி.
அது இங்கே வரவில்லை.
கடலில் இருக்கும் மீனுக்கு
நான் ஒருநாளும் எடை போட்டதில்லை.

பத்து என்றால்
நீங்கள் கற்பனை செய்யக்கூடிய மிக மோசமான வலி
என்று கட்டத்துக்குக் கீழே அச்சடித்திருக்கிறார்கள்.
அண்ணன் எயோல்ஃபுர் வின்ச்சில் கால் சிக்கிக்
கப்பல்தளத்தில் கிடந்தபோது
என்ன எண் சொல்லியிருப்பான்?
அவன் கேட்டது ஒரு சிகரெட்.
அன்றிலிருந்து என் பத்து
அவன் பக்கமாக நகர்ந்துவிட்டது.
அது நகர நகர
என்னுடையது சிறுத்துக்கொண்டே வருகிறது,
தாளில் மட்டும்.

எங்கள் பாஷையில் வெர்க் என்றால் வேலை,
வெர்குர் என்றால் வலி.
இடையில் ஓர் அசை.
அதற்குள்தான் குடியிருக்கிறேன்.

இடது காலுறை போடப் பதினெட்டு நிமிடம்.
கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன், பொய்யில்லை.
வலதுக்கு அரை நிமிடம்.
இதை எழுதிக்கொள் என்றேன்.
கட்டத்தில் இடமில்லை என்றாள்.
சரி, ஆறேமுக்கால் என்றேன்.
பின்னத்தைக் கணினி விழுங்காது என்றாள்.

வெளியே பனி வாரும் வண்டி
அதே தெருவை மூன்றாம் முறையாக வாரிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கண்ணில் பட்டது,
அவள் வலது மணிக்கட்டில் ஒரு பட்டை.
பேனாவை இடது கையில் பிடித்து
முதல் வகுப்புப் பிள்ளைபோல்
என் பெயரை வரைந்துகொண்டிருந்தாள்.

உனக்கு எத்தனை?

நாலு.

யோசிக்கவே இல்லை.
இரவுப் பணிப் பட்டியலிலிருந்து
பெயரை அடித்துவிடாத எண் அது.
எனக்குத் தெரியாதா,
துறைமுகத்தில் கடைசி ஆறு வருடம்
நாலிலேயே காலம் தள்ளியவள் நான்.

இருவரும் சிரிக்கவில்லை.
அவள் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு
வலது கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.
சுண்டுவிரல் விரிய மறுத்தது.

ஏழு என்றே போடு, என்றேன்.
இரண்டு கோடுதானே,
உன் கைக்கும் சுலபம்.

தலையாட்டினாள்.
பேனாவை எடுத்தாள், இரண்டு கோடு இழுத்தாள்.
பிறகு, அவள் ஊர் வழக்கப்படி,
நடுவில் குறுக்கே
மூன்றாவதும் ஒன்று.