ஆண்டு அனுபவித்தல்

நவம்பர் மழை.
எர்சிலியா கொலாந்துவோனோ ஈரக் குடையை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியிலேயே வைத்துக்கொண்டாள்.
அது என் தரையெல்லாம் சொட்டியது.

நோட்டரிக்கு அன்று தொண்டைக்கட்டு.
உயிலை நான் வாசித்தேன்:
தோட்டம், முப்பத்தொரு மரங்கள், கிணறு, கோழிக்கூண்டு,
உடைமை மூத்த தாரத்து மகன் தொனாத்தோவுக்கு.
உசுஃப்ருத்தோ மட்டும்,
உயிருள்ள வரை, மனைவிக்கு.

"அப்படியென்றால்?"

லத்தீன், என்றேன்.
முன்பாதி, பயன்படுத்துவது.
பின்பாதி, பழம்.
ஆனால் பழம் அப்போது உருண்டையாக இல்லை,
சிவப்பாகவும் இல்லை,
வெறும் வினைச்சொல்லாகத்தான் இருந்தது: அனுபவி.
யாரோ எதையோ அனுபவித்தார்கள்.
அந்தச் செயலின்மேல் மெல்லத் தோல் படர்ந்தது.
உள்ளே கொட்டை வைத்தது.
பிறகுதான் அது கூடைக்குள் போனது.

(எனக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்கும்.
வேறு யாரும் இங்கே கேட்பதில்லை.)

கோதுமைக்கும் அதே வேர் என்கிறார்கள்.
சிப்பியும் நண்டும் கடலின் பழம்.
ஆட்டுக்குட்டி பழம், கம்பளி பழம், வீட்டு வாடகை பழம்.
எங்கள் கோப்புகளில்
வங்கி வட்டிக்கும் காம்பு உண்டு.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன்.
பழைய ரோமில் ஒரு வழக்கு இருந்தது:
அடிமைப் பெண்ணை அனுபவிக்கும் பாத்தியதை ஒருவனுக்கு,
உடைமை இன்னொருவனுக்கு.
அவள் பெற்ற பிள்ளை, பழமா?
இல்லை என்று முடித்தார்கள்.
கருணையால் அல்ல.
பழங்களெல்லாம் மனிதனுக்காக இருக்க
மனிதனே எப்படிப் பழமாவான் என்ற தர்க்கத்தால்.
பிள்ளை உடையவனிடம் போயிற்று.
அவள் என்ன சொன்னாள் என்பதற்கு
ஏட்டில் இடமில்லை.

எர்சிலியாவுக்குப் பிள்ளையில்லை.
நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"அனுபவிப்பதா?" என்று கேட்டுச் சிரித்தாள்.
"ஏணியில் உறைபனி. காதுக்குள் குளவி.
துத்தம் அடித்து அடித்து நீலமான நகம்.
ஆகஸ்டில் கொப்பரை முன்னால் நின்றால்
கண்ணிமை வேகும்.
இருபத்தாறு வருஷம் நன்றாகவே அனுபவித்தேன், ஐயா.
சொல்லுக்கு அர்த்தம் இன்றைக்குத்தான் தெரிகிறது."

தொனாத்தோ வாயே திறக்கவில்லை.
துரினில் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்,
கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் தேடினான்.
அவனுக்குக் கிடைத்ததற்குச் சட்டம் வைத்த பெயர்
நிர்வாண உடைமை.
வாசித்தபோது காது சிவந்தது அவனுக்கு.
"இந்தக் குளிரிலா, பாவம்," என்றாள் அவள்.

டிசம்பரில் கணக்கெடுக்கப் போனேன்.
காக்கி மரங்கள். பெயர்தான் காக்கி,
நிறம் அடுப்புத் தணல்.
ஓர் இலை மிச்சமில்லை;
கறுத்த கிளைகளில் பழம் மட்டும்.
நிர்வாண உடைமை என்றால் இதுதானோ
என்று எழுதப் போய் அடித்துவிட்டேன்.
நான் எழுத வேண்டியது எண்ணிக்கை.

ஏணி உச்சியில் தொனாத்தோ, கையில் கத்தரி.
கீழே முன்றானைத் துணி விரித்து அவள்.
காம்பில் இருக்கும்வரை பழம் என்பது மரம்,
மரம் அவனுடையது.
கத்தரி மூடும் நொடியில்
அது பழமாகிறது, அவளுடையதாகிறது.
இடையில், காற்றில் வரும்போது
யாருடையது என்று
சட்டத்தில் தேடினால் கிடைக்கும்.
அன்று தேடத் தோன்றவில்லை.

ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை இருவரும்.
"இடது பக்கம்," என்றாள் ஒருமுறை.
"தெரியும்," என்றான்.

போகும்போது எனக்கொன்று வெட்டிக் கொடுத்தாள்.
கடித்தேன்.
நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது,
பற்களுக்குக் கம்பளி போர்த்தியதுபோல் ஒரு துவர்ப்பு.
துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றேன்,
அர்த்தம் சொன்ன ஆள்.

"இன்னும் பத்து நாள்," என்றாள்.
"ஆப்பிள் பக்கத்தில் வைத்துவிட்டு
மறந்துபோ."