பாதி நீட்டிய கை

ரஸ்தாக்கில் எங்கள் பட்டறை
மதியத்துக்கு ஷட்டர் இறக்கும் நேரம் வந்து நின்றது,
நாலு அங்குலம் தூக்கிய பிக்கப்.
கதவைத் திறந்து ஷம்ஸா
ஏணியின் கடைசிப் படியைத் தவறவிட்டவர்போல் குதித்தார்.
அரபியும் இந்தியும் கலந்த எங்கள் பட்டறைப் பாஷையில்
"உடைக்கிறது" என்றார்.
எதை?
பின்தொட்டியைக் காட்டினார்.

பேரீச்சந்தண்டைக் குடைந்து செய்த தேன்கூடு.
உள்ளே அடைகள் அறுந்து
ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடந்தன,
ஆறிப்போன தோசைகள்போல.
சித்ர் பூத்திருக்கிறது, நம் இலந்தைக்கு உறவுக்கார மரம்.
எட்டுக் கூடுகளை வாதிக்குள் கொண்டுபோன முதல் இரவில்
மூன்று இப்படி.

"தூக்கியது யார்?"
"என் தம்பி. உயரமாக இருந்தால் அழகாம்."

அடியில் படுத்துப் பார்த்தேன்.
பின்கட்டில் ஒன்பது பட்டை.
சிமெண்ட் மூட்டை சுமக்கிறவனுக்குச் சரி,
எட்டுத் தேன்கூட்டுக்கு அது குனியவே குனியாது.
ஷாக் மட்டும் பழசு. குட்டை.
வண்டி சும்மா நிற்கும்போதே
பரண்மேல் டப்பாவை எட்டுகிறவன்போல
முழுக் கையும் நீட்டி நிற்கிறது.
பள்ளத்தில் சக்கரம் இறங்கியாக வேண்டும்,
இறங்க இவனிடம் ஒரு விரற்கடை இல்லை.
அங்கேதான் அந்த 'டணார்'.

உயரம் குத்தமில்லை வாஹித், என்றேன்,
உசத்திட்டு கையை மாத்தாம விட்டதுதான்.
வாஹித் பதினேழாம் நம்பர் ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தான்.

அப்போது போன் அதிர்ந்தது.
மார்த்தாண்டத்திலிருந்து அண்ணன்:
மாடித் தூணில் கம்பிகள் வானம் பார்க்கும் படம்,
'இன்னும் மூணு லட்சம் வேணும் எட்வினே.'
போனை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தேன்.
கியர் ஆயில் ஒரு சொட்டு அதன் முதுகில் விழுந்தது.

இரண்டு நாள் வேலை.
தடித்த பட்டை இரண்டைக் கழற்றினோம்.
மிச்சத்துக்கு இடையில் நைலான் துண்டு,
இரும்பும் இரும்பும் கடித்துக்கொள்ளாமல் வழுக்க.
ஷேக்கிள் நெட்டுக்குத்தாய் நின்றதைச் சாய்த்தோம்.
மபேலாவிலிருந்து நீளமான ஷாக் வந்தது,
நிற்கையில் பாதிக் கை நீட்டியிருக்கும்படி பொருத்தினேன்:
மேட்டுக்குப் பாதி, பள்ளத்துக்குப் பாதி.
டயரில் நாற்பத்திரண்டு இருந்தது.
இருபத்திரண்டுக்கு இறக்கினேன்.

இஷா தொழுகை முடிந்து வந்தார் ஷம்ஸா,
உயிருள்ள கூடு ஒன்றோடு.
வாயைத் துணியால் கட்டியிருந்தது.
அவர் ஓட்ட, நான் பின்தொட்டியில்
தண்டில் காதை ஒட்டிக்கொண்டு குந்தியிருந்தேன்.
பதினாறு வருடம் இரும்பைத்தான் காதால் பார்த்திருக்கிறேன்.
இது வேறு.

தார்ச்சாலையில் ஒரே சுருதி.
மண்பாதை அலையலையாய் வந்ததும்
சத்தம் மெலிந்து, கூர்ந்து,
ஊசிக் காதில் நூல் நுழைகிற மாதிரி ஏறியது.
கேபினைத் தட்டினேன். நிறுத்தினார்.
இன்னும் மூன்று பவுண்டு காற்றை விட்டேன்.
மறுபடி.
ஒரு கல் தாண்டுகையில் எல்லாம் சேர்ந்து சீறின,
பிறகு தாங்களே அடங்கின.
மறுபடி காற்று, மறுபடி தட்டு.
நிலா மலைக்குப் பின்னால் போய்விட்டது.
வாதியின் உருண்டைக் கற்கள்மேல் கடைசியாகப் போனபோது
உள்ளே சமையலறை ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி
ஒரு கவலையும் இல்லாத சத்தம்.

துணி இடுக்கில் வந்த ஒருத்தி
என் காதுக்குப் பின்னால் கொட்டினாள்.
ஷம்ஸா சிரித்தார்: "அவளுக்குச் சம்மதம்."

மறுவாரம் தேன் வரும் என்று நினைத்தேன்.
போன்தான் வந்தது.
ஏழு கூடும் பத்திரம், ஓர் அடைகூட விழவில்லை.
"ஆனால் எட்வின்,
பின்னால் அவை தூங்குகின்றன.
முன்னால் என் இடுப்பு கழன்றுவிட்டது.
முன் சுருளை எப்போது பார்ப்பாய்?"

வியாழன் கொண்டுவாருங்கள், என்றேன்.
அண்ணனுக்கு அதே கையோடு அனுப்பினேன்:
இப்ப ஒண்ணு. மிச்சம் சித்திரையில.
கம்பியில் துருப் பிடிக்காமல்
சிமெண்ட் பால் பூசி வை.