கோவா ரொட்டி

ஹட்டன். கடைசி பஸ்ஸுக்கு முந்தின மழை.
எங்கள் தட்டில் இரவெல்லாம் கொத்துச் சத்தம்;
விஜயரெத்தினம் மாவு கரைத்தால் மட்டும்
நான் இரண்டு தகட்டையும் கீழே வைக்க வேண்டும்.
இது கொத்தக் கூடாத சாமான்.

நுவரெலியா கோவா, நூலாக.
லீக்ஸ். இரண்டு முட்டை.
ஒசாக்காவில் நாலு வருசம் கோப்பை கழுவியவன்
கண்ணால் களவெடுத்து வந்த ரொட்டி.
அங்கே மேலே தூவும் மீன்சீவல்
சூட்டில் எழும்பி ஆடுமாம்.
இங்கே மாசி, இடித்தது. ஆடாது,
பல்லில் மாட்டும்.
சோஸுக்குப் புளி, கித்துள் பாணி,
மிச்சத்தை அவன் சொல்ல மாட்டான்.

நேற்று ரயிலைவிட்டு இறங்கி
நனைந்த பையோடு இரண்டு பேர் வந்தார்கள்.
யப்பான்காரர்கள். புருசன் பெண்சாதியாக இருக்கலாம்.
"இந்த ஊர்ச் சாப்பாடு" என்பதற்கு
அவள் விரலால் தரையைக் காட்டினாள்.

கொத்து என்று நான் வாய் திறப்பதற்குள்
அவன் மாவுச் சட்டியை இழுத்துவிட்டான்.
சத்தம் நின்றது.
மூலை மேசைப் பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்,
கரண்ட் போனதுபோல.

முதல் வாய். மென்றாள்.
புருசனைப் பார்த்தாள். மறுபடி மென்றாள்.
பிறகு அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள்,
மெதுவாக,
வீட்டு நாயை வேறு தெருவில் கண்டவள்போல.

அவனுக்கு அந்தப் பாஷை தெரியும்.
"ஹட்டன்" என்றான்,
வேறொன்றும் சொல்லாமல்
இன்னொரு ரொட்டி ஊற்றினான்.

காலையில் கணக்குப் பார்த்த முதலாளி
மூன்று ரொட்டிக்குக் காசு எங்கே என்று கத்தினார்.
விஜயரெத்தினம் என்னைப் பார்த்தான்.
அடுப்பு இன்னும் சூடாகவில்லை.
நான் தகட்டை எடுத்துத்
தட்டத் தொடங்கினேன்.