பிடித்தம்

இருபத்தேழு ஆண்டுச் சலுகைக் காலங்களை ஆராய்கிறவளுக்கு
இரண்டாண்டு விசா.
மஸ்கட்டில் இது யாருக்கும் வேடிக்கையாகப் படுவதில்லை,
எனக்குமே
புதுப்பிக்கும் மாதத்தில் மட்டும்தான்.

வகுப்பறையில் ஏசி ஒழுகுகிறது.
ஸுவைனா வாளியைக் கொண்டுவந்து வைக்கிறாள்.
'கட்டடத்தின் ஆயுட்காலச் செலவு' என்று பலகையில் எழுதுகிறேன்.
குறைந்த ஒப்பந்தப்புள்ளிக்குப் போன கட்டடம்.
சொட்டு.
சொட்டு.
பின்வரிசையில் ஒருவன் சிரிக்கிறான். அவனுக்குப் புரிந்துவிட்டது,
தேர்வு தேவையில்லை.

என் துறையின் வேதவாக்கு ஒரே வரி:
எந்த இடரை யார் நன்றாகத் தாங்குவாரோ
அது அவரிடம் போகட்டும்.
நாற்பத்தோர் இடர்கள். வட்டி, அனுமதித் தாமதம்,
இரும்பு விலை, புயல்.
வெயில் முப்பத்தெட்டாவது.
வரிசைப்படுத்தியவர்கள் எல்லோரும்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொன்னவர்கள்.

பதினேழாவது பேட்டி ரூவியில், ஒரு கரக் டீக்கடையில்.
ரொசாரி பர்னாந்து, தூத்துக்குடி.
குழாய் பதிக்கும் உள்-ஒப்பந்தம், பதினான்கு ஆட்கள்.
டீ ரசீதைத் திருப்பிப்போட்டு வரைந்தார்:
அமைச்சகம், திட்டக் கம்பெனி, பக்கத்தில் பாங்க்,
பெரிய கான்ட்ராக்டர், சின்ன கான்ட்ராக்டர்,
அடியில் தான்.
ஆறு பெட்டி.
"காசு இதுவழியா எறங்க ஆறு மாசம் மேடம்.
ரிஸ்க்கு மட்டும் அன்னன்னைக்கே வந்துரும்."

அந்த வரியைக் கட்டுரையில் வைத்தேன்.
இரண்டாம் மதிப்பாய்வாளர் எழுதினார்:
சுவையாக இருக்கிறது, சான்றாக இல்லை.
எடுத்துவிட்டேன்.
அவர் பெட்டிகளை மட்டும் நேர்க்கோடாக்கி
'படம் மூன்று' என்று பெயரிட்டேன்.
பிறகு நான் இணைப் பேராசிரியர்.
அறுபத்திரண்டு மேற்கோள்கள். பிரிஸ்பேனில் ஒருவர்
அந்தப் படத்தை மறுவரைவு செய்து
நன்றியும் சொல்லியிருந்தார், எனக்கு.

தமிழில் விநோதமான சொல் பிடித்தம்.
பில்லுக்குப் பில் பத்து விழுக்காட்டைப் பிடித்துவைத்து
குறைபாட்டுப் பொறுப்புக் காலம் கழிந்ததும் தருவது.
ஒருவர்மேல் நமக்கு இருப்பதும் அதே சொல்தான்,
எப்போது திருப்பித் தரவேண்டும் என்று
எந்தப் பிரிவிலும் இல்லை.

நான்கு வருடம் கழித்துப் போன்.
"பிடிச்ச காசு வரலை மேடம். கம்பெனியே இல்லையாம்,
போர்டைக் கழத்திட்டானுவ.
நீங்க எழுதினீங்கள்லா, அதுல எம்பேரு இருக்கா?
கோர்ட்டுல காட்டலாமா?"

அட்டவணை நான்கைத் திறந்தேன்.
ப-17. ஆண். உள்-ஒப்பந்தக்காரர். அனுபவம் பதினெட்டு ஆண்டு.
திட்டம்: 'இ'.
பெயரை அழித்தவள் நான்தான், அவரைக் காப்பதற்காக.
அவர் கையெழுத்திட்ட படிவம்கூட இருக்கிறது.

ரசீது என் இழுப்பறையில்.
ஐந்தாண்டில் அழித்துவிட வேண்டும், நெறிக்குழு விதி.
இன்னும் பதினோரு மாதம்.
எடுத்துக்கொண்டு ரூவிக்குப் போனேன்.
டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கவர்கள் தொங்கின.
நடைபாதையில் நின்றபடியே நீட்டினேன்.
அச்சு வெளிறித் தேதி போயிருந்தது,
கடைப்பெயர் போயிருந்தது,
இரண்டு டீயின் விலையும்.
பின்பக்கம் பால்பாயின்ட் கோடுகள் மட்டும்
நேற்றுப் போட்டவை போல.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
திட்டுவார் என்று நின்றேன்.
என் பேனாவைக் கேட்டார்.
சின்ன கான்ட்ராக்டருக்கும் தனக்கும் நடுவில்
நெருக்கி ஒரு பெட்டி போட்டார்,
காகிதம் கிழிகிற அழுத்தம்.

"இவனை அன்னைக்குச் சொல்லலை.
அன்னைக்கு இவங்கிட்டதான் சோறு."

ஏழு.

படம் மூன்றில் ஆறு.
பிரிஸ்பேனிலும் ஆறு.
ஒரு டாக்ஸி எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது.
ரசீதை அவர் மடித்தார்,
என் பைக்கா அவர் பைக்கா என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.