ஆறுக்கு நாலு

பதினோரு வருஷமாகக் களக்காட்டில்
அடுத்தவர் முகங்களைப் பெரிதாக்கி விற்கிறேன்.
காதுகுத்து, கோயில் கொடை, புதுமனை புகுவிழா,
சதுர அடி பன்னிரண்டு ரூபாய்.
கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும்
ராத்திரியிலும் கடை திறப்பேன்.

மகளின் முதல் பிறந்தநாளுக்குச்
செய்து வைத்திருந்த டிசைனைத் திறந்து
பலூன்களை ஒவ்வொன்றாக அழித்தேன்.
பெயரை விட்டுவைத்தேன். மிருதுளா.
மென்மையானவள் என்று அர்த்தம் பார்த்து வைத்தது.
இப்போது யாரும் அர்த்தம் கேட்டால்
தெரியாது என்கிறேன்.

நோய்க்குப் பதினைந்து எழுத்து.
முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு.
ஆறுக்கு நாலு பிளெக்சில் ஒரே வரியில் நிற்கவில்லை.
சிறிதாக்கினால் வாழை லாரிக்காரன் வாசிக்க மாட்டான்.
உடைத்துப் போட்டால்
நடு வார்த்தை தனியே தொங்குகிறது,
அவள் கழுத்து மாதிரி.
ஊசியின் விலை ஆறே எழுத்து,
பதினாறு கோடி.
அது நின்றது.

"அழுத படமாப் போடும் வே,
சிரிச்ச முகத்துக்கு எவன் காசு குடுப்பான்?"
முப்பிடாதி மச்சான் கெட்டவர் இல்லை,
உலகம் தெரிந்தவர்.
ஆனால் அவள் அழுகைக்குச் சத்தம் கிடையாது.
படத்தில் அது கொட்டாவி போலத்தான் விழுகிறது.
சிரித்ததையே போட்டேன்.

மண்டியில் ஒரு ஏத்தன் தாரை
அவளுக்கென்று ஏலம் விட்டார்கள்.
நாலாயிரத்துக்கு எடுத்தவர்
மறுபடி ஏலத்துக்கே விட்டார்.
அடுத்தவரும் விட்டார்.
மூன்று முறை விற்ற அந்தத் தாரை
கடைசியில் யார் வீட்டுக்குக் கொண்டுபோனார்களோ.
ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு நாள் வசூல்.
பள்ளிப் பிள்ளைகள் எண்ணெய் டின்னில் சில்லறை.
ஒரு கிழிந்த பத்து ரூபாய், செலோடேப் போட்டு.
எண்ணி முடித்தபோது விடிந்திருந்தது.
கூட்டிப் பார்த்தால்
ஊசியின் ஒரு சொட்டுக்குக் காணாது.

திருநெல்வேலியில் டாக்டர் ஒரு தாளில்
வட்டங்களும் சதுரங்களும் வரைந்தார்.
எல்லாத் தம்பதிக்கும் நடுவே ஒற்றைக் கோடு,
எனக்கும் பிரம்மசக்திக்கும் மட்டும் இரட்டை.
மரியாதை என்று நினைத்தேன் ஒரு நொடி.
மாமா மகள்.
ஊரே பொருத்தம் சொன்ன பெண்.

அன்று ராத்திரி அவள் கடைக்கு வந்தாள்,
பிள்ளையைத் தோளில் சாய்த்து, ஒரு கையால் தலையைத் தாங்கி.
"அதையும் போடுங்க."
"எதை?"
"சொந்தத்துல முடிக்கதுக்கு முந்தி
ரத்தம் பாக்கச் சொல்லி."
"நம்ம ஆளுக வருத்தப்படுவாவ. காசு கொறையும்."
"கொறஞ்சா கொறையட்டும்."

அடியில் ஒரு வரி போட்டேன்.
மூன்றாம் நாள், ஸ்கேல் வைத்தாற்போல
அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள்.
மகளின் முகத்தில் ஒரு கீறல் இல்லை.
அந்த அளவுக்கு அவர்கள் நல்லவர்கள்.
திரும்ப அச்சடித்தேன்.
இந்த முறை வரி மேலே,
ஏணி இல்லாமல் எட்டாத இடத்தில்.

ஐப்பசியில் அவளுக்கு இரண்டு வயது முடிகிறது.
அதற்குள் போடவேண்டிய ஊசி.
காலண்டரில் அந்தத் தாளை
பிரம்மசக்தி மடித்து வைத்திருக்கிறாள்.

நேற்று கல்யாண பேனருக்கு வந்தான் ஒரு பையன்.
கூடவே அந்தப் பெண்ணும்.
"சொந்தமா தம்பி?"
"அத்தை மகதான் அண்ணாச்சி."
கை மவுசிலேயே நின்றது.
ஆர்டர் போனால் இந்த மாத வாடகை போகும்.
நான் வாய் திறக்கவில்லை, அதுதான் உண்மை.
சுவரில் சாய்த்திருந்த பிளெக்சை
அவள்தான் வாசித்துக்கொண்டிருந்தாள்,
பதினைந்து எழுத்தையும், உதடு அசைய.

பையன் அட்வான்சை எண்ணி வைத்தான்.
பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்:
"டிசைன் நல்லாருக்கு அண்ணாச்சி.
தேதி மட்டும் இப்பப் போட வேண்டாம்."