காலி எடை

நசியனூர் பிரிவில் எடைமேடை.
கண்ணாடிக் கூண்டுக்குள் கோகிலவாணி,
ஒரு டேபிள் ஃபேன், ஒரு கம்ப்யூட்டர்,
அதற்குள் ஒரே ஒரு கோப்பு.
சர்வர் கிடையாது, வாசலில் காவல் கிடையாது.
பதினொரு வருசத்து மஞ்சள் லாரிகள்
நாற்பது எம்பிக்குள் வரிசையாக நிற்கின்றன.
பென்டிரைவில் ஏற்றிப் பையில் போட்டால்
சட்டை தொங்கக்கூட இல்லை.

"லாக்டுன்னு வருதுங்க" என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.
வெளியே கை காட்டினேன்:
ஒரு நேரத்துல ஒரு லாரிதானுங்க மேடையேறுது?
கோப்பும் அப்படித்தான். எழுத ஒருத்தர்.
பின்னால் வருகிறவன் கோபித்துத் திரும்பிப் போகாமல்
ஐந்து நொடி பொறுக்கச் சொல்லி ஒரு வரி எழுதினேன்.
எழுதும்போதே மற்றவர்களும் பார்க்க வேண்டுமென்றால்
அதற்கு வால் வைக்கணும்.
"வாலுங்களா?"
பேரே வால்தான். கோப்பை ஒட்டி இன்னொன்று முளைக்கும்.
கடைசியாகப் போட்ட எடைகள் அதில்தான் கிடக்கும்.
ஓடுகிறபோது தலையை மட்டும் காப்பி எடுத்தால்
கண்ணபுரம் சந்தைக்கு
வாலில்லாத காளையை ஓட்டிப்போன மாதிரி.
டாட் பேக்கப் என்று அடிங்க,
வாலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வரும்.

ரிப்போர்ட் ஏன் இழுக்கிறது?
தேடச் சொல்வதற்கு முன்னால்
எப்படித் தேடுவாய் என்று அதையே கேட்டேன்.
எக்ஸ்பிளெயின் ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டது: ஸ்கேன்.
ஒரு வண்டி நம்பருக்காக
பதினொரு வருச மூட்டையையும் குத்தூசி போட்டுப் பார்க்கிறது.
நம்பருக்கு ஒரு இன்டெக்ஸ் கட்டினேன்.
டீ ஆறவில்லை,
சர்ச் என்றது.

முதலாளி தங்கமுத்து உள்ளே வந்தார்.
"மாசிக் கணக்கு உதைக்குது. ஒரு லோடு காணோம்."

செலக்ட். காலி எடை ஈக்குவல் நல்.
ஒன்றும் வரவில்லை.
எத்தனை தடவை பட்டும் எனக்கு இது மறந்துபோகும்:
நல் எதற்கும் சமமில்லை,
இன்னொரு நல்லுக்குக்கூட.
இஸ் நல் என்று மாற்றினேன்.
ஒரு வரி. டிரைவர் அப்புக்குட்டி. பாரம் 14,260.
காலி எடை: நல்.

"நல்ல எடைங்களா?" என்றார்.
இல்லைங்க, எடையே இல்லை.
"அப்ப பூஜ்யம் போட்டுருங்க, கூட்டல் வந்துரும்."
வரும். லாரி, டயர், ஸ்டெப்னி,
முன்னால் தொங்குகிற எலுமிச்சம்பழம் வரைக்கும்
மஞ்சள் விலைக்கு வரும்.
அவர் சிரிக்கவில்லை.

வெளியே மேடை காலி. சிவப்பில் ஒரு 0.
கரண்ட் போயிற்று.
0-வும் இல்லை.
கோகிலவாணிதான் கண்ணாடியைத் தட்டினாள்:
"இதுங்க. இதான் நல்லு."

உடனே டிராயரை இழுத்தாள். அன்றைக்கும் இப்படித்தான்,
டிஸ்பிளே வந்தது, கம்ப்யூட்டர் வரவில்லை.
கிழித்த நாட்காட்டித் தாள், மாசி பதினேழு,
ராகுகாலத்துக்குப் பின்பக்கம் அவள் கையெழுத்தில் 5,480.

கரண்ட் வந்ததும் பிகின் போட்டேன்.
அப்டேட் அடித்தேன்.
வேர் எழுதுவதற்குள் என்டருக்குப் போய்விட்டது விரல்.
எண்பத்தோராயிரத்துச் சொச்சம் வரிகள்.
பதினொரு வருசத்தில் நசியனூர் வந்த வண்டியெல்லாம்
ஒரே எடையில் நின்றன.
முதலாளி போனில் இருந்தார்.
அவள் பார்த்துவிட்டாள்.
ரோல்பேக்.
மினி லாரி மினி லாரியானது,
பத்து சக்கரம் பத்து சக்கரமானது.
"வேரை மொதல்ல எழுதுங்க" என்றாள் மெதுவாக.
எழுதினேன். ஒரு வரி மாறியது. கமிட்.
8,780 கிலோ, விரலி.

கிளம்பும்போது என் வண்டியை மேடையில் ஏற்றினேன்,
சும்மா.
190 என்றது.
"பதியட்டுங்களா?"
பாரம் மட்டும் போடுங்க,
காலி எடைக்கு இன்னொரு நாள் வர்றேன்.
"செரி" என்று தட்டினாள்.
"அப்ப மாசக் கடைசில கணக்கு உதைக்கறப்ப
போன் பண்றனுங்க."