நாக்குமீன்

ஈசிஆரில் பஸ்ஸை விட்டிறங்கி
ஆட்டோ வராத மணலில்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
சவுக்கு மரங்களுக்குள் நடந்து வந்தோம்.
பனையூர்க் குப்பம். ஆறே மேசை.
முன்பு வலை போட்டுவைக்கும் கொட்டகையாம்.
கூரையில் இன்னும் ஒரு மிதவை தொங்குகிறது
யாரும் கழற்றாததால்.

கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து:
தடைக்காலம். விசைப்படகு போகாது.
கட்டுமரம் கொண்டுவந்தது மட்டும்.
நண்டு பிஸ்க்.
நாக்குமீன் மூனியேர்.
பங்கனபள்ளி வந்தால், தார்த்.

'வந்தால்' என்று ஒரு ஓட்டல் எழுதி
அன்றுதான் பார்த்தேன்.

தணிகைவேலுக்கு இரண்டு வருடமாக வாசனை இல்லை.
காய்ச்சல் போகும்போது
மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
காபியைச் 'சூடு' என்பார்.
பிரியாணியை 'ஈரம்' என்பார்.
கேஸ் கசிந்த அன்று எதிர்வீட்டு அம்மாள்தான்
கதவை இடித்தாள்.

நானோ,
ரசத்தில் பெருங்காயம் போடுவதை
எந்த வாரம் நிறுத்தினேன் என்று எனக்கே நினைவில்லை.
யாருக்கு, என்று ஒருநாள்
கை தானாக டப்பாவை மூடிவிட்டது.
அதை நான் சொல்லவில்லை.
அவர் கண்டுபிடிக்க வழியுமில்லை.

ஆபீஸ் குலுக்கலில் எனக்கு விழுந்த சீட்டு இது.
இருவருக்குச் சாப்பாடு.
"என்னைக் கூட்டிட்டுப் போனா வீணு,
உன் தங்கச்சியோட போ" என்றார்.
வீண் என்ற சொல் தொண்டையில் முள்ளாய் நின்றது.
அதனால்தான் வந்தோம், வேறொன்றுமில்லை.

"காலைல எங்க சித்தப்பா மரத்துல வந்த நண்டுக்கா"
என்று பிஸ்க்கை வைத்துவிட்டு
அங்கேயே நின்றான் தேசப்பன்.
எல்லோர் முகத்தையும் முதல் வாய்க்குப் பார்ப்பானாம்,
அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.
இவர் முகத்தில் ஒன்றும் வரவில்லை.
மருந்து குடிப்பது போலக் குடித்தார், முழுசாக, மரியாதைக்கு.

அடுப்பங்கரைக்குச் செய்தி போயிற்று.
மர்செலின் வந்தார். காரைக்கால்காரர்,
லியோனில் பதினெட்டு வருடம் பாத்திரம் கழுவி
பிறகு கரண்டி பிடித்தவர்.
நான் சொல்லி முடிக்கும்வரை துண்டில் கை துடைத்தார்.
ஐயோ என்று சொல்லவில்லை.
தையல்காரர் அளவெடுப்பது போல் கேட்டார்:
"புளிப்பு தெரியுதா? உப்பு? காரம் குத்துமா?
சில்லுனு இருந்தா?"
நாலுக்கும் இவர் தலையாட்டினார்.
"அப்ப நெறைய இருக்கு"
என்று உள்ளே போய்விட்டார்.

என் தட்டில் நாக்குமீன்,
வறுத்த வேர்க்கடலை வாசம் வரும்வரை
பழுப்பாக விட்ட வெண்ணெயில்.
அவர் தட்டிலும் அதே மீன், தோலோடு,
அப்பளமாய் மொறுமொறுத்து.
மேலே உப்பில் ஊறிய சுண்டைக்காய், இரண்டு முறை பொரித்தது.
கூடவே ஐஸில் கிடந்த வெள்ளரிப்பிஞ்சு,
தோலும் கொட்டையும் நீக்கிய எலுமிச்சைச் சுளை.

ஒரு சுண்டைக்காயைக் கடித்தார்.
நிறுத்தினார்.
"உனக்குக் கேட்டுதா?" என்றார்.
கேட்டது. பக்கத்து மேசைக்கும் கேட்டிருக்கும்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை.
என் தட்டின் வெண்ணெயைத் தொட்டுப் பார்த்து
"வழுக்குது" என்றார், அவ்வளவுதான்.
பங்கனபள்ளி வரவில்லை.
தேசப்பன் ஈரத் துணியால் அந்த வரியைத் துடைத்தான்.
ஆனாலும் சுண்டைக்காயை இன்னொரு கிண்ணம் கேட்டு
கடைசியைப் பாதியாகக் கடித்து
மீதியை எனக்கு வைத்தார்.

திரும்பும்போது மணலில் இருட்டு.
"இங்க என்ன வாசனை அடிக்குது, சொல்லு."
இரண்டு வருடத்தில் முதல் தடவை.
"கருவாடு."
"அது தெரியாதா. அப்புறம்?"
அப்புறம், டீசல். ஈர வலை.
ஏதோ வீட்டில் கடுகு தாளிக்கிறார்கள்,
கொஞ்சம் கருகிவிட்டது.
"சவுக்கு?"
சவுக்குக்கு என்ன வாசனை என்று
எனக்கே தெரியவில்லை.
செருப்பும் கையுமாய்
ஒரு மரத்தில் மூக்கை வைத்து நின்றேன்.
அவர் காத்திருந்தார்.